கொள்ளளவி

ஒரு நாட்டுக்கோழி விற்ற காசுக்குள்
எல்லாம் அடங்க வேணும் என்றாள் அகல்விழி.
மல்லாவிச் சந்தையில் கேட்டுக்கொண்டு வந்தாள்:
அன்றைய விலை ஆயிரத்து நானூறு.
அதற்குள்
ஒரு மூளை, இரண்டு மோட்டருக்குக் கடிவாளம்,
முன்னால் சுவர் வந்தால் சொல்ல ஒரு கண்,
பற்றரியைப் பிழையாக மாட்டினாலும்
எரிந்துபோகாமல் காக்க ஓர் இருவாயி.
பிள்ளைகள் பிழையாகத்தான் மாட்டுவார்கள்.
நானும் அப்படித்தான் மாட்டினேன்.

மிச்சம் அவர்கள் வீட்டில் கிடக்கும்:
சில்லுக்குச் சோடா மூடி,
மூடியைச் சுற்ற சைக்கிள் ரியூப்,
உடம்புக்கு பிஸ்கற் பெட்டி.

இரண்டு தீப்பெட்டி அகலத்துக்குள்
செப்புப் பாதைகளை வரைந்தேன்.
ஒன்று இன்னொன்றைத் தொடக்கூடாது.
தொடாமல் கடக்க வழியில்லாத இடத்தில்
துளை போட்டு மறுபக்கம் இறங்க வேண்டும்.

நிலத்துக்கு ஒரு குறி உண்டு,
மேலிருந்து கீழே தேயும் மூன்று கோடு.
சுற்றில் நிலம் என்றால் சுழியம்,
எல்லாவற்றையும் அங்கிருந்துதான் அளப்பது.
எங்கள் வளவை அளந்தவர்கள்
சிவப்புத் தடி நட்டு
கத்தும் கருவியோடு முழந்தாளில் வந்தார்கள்.
ஆணி. தகரம். கரண்டி.
மூன்று மாதத்தின் பின்
கிணற்றடிக்குப் போகலாம் என்றார்கள்.
இதை நான் அகல்விழிக்குச் சொல்லவில்லை.
அவள் தடையிகளின் விலையைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

முதல் பலகையை ஐஸ்கிறீம் பெட்டிக்குள்
செப்பரிக்கும் கரைசலில் ஆட்டி எடுத்தோம்.
ஈயம் உருகி, மினுங்கி, உறைந்தது.
மூளை விழித்தது. பச்சை வெளிச்சம்.
மோட்டர் சுற்றத் தொடங்கியதும் செத்தது.
மறுபடி விழித்தது.
எங்கே நின்றது, எவ்வளவு தூரம் வந்தது,
எந்தப் பக்கம் சுவர்,
ஒன்றும் நினைவில்லை.
முதல் வரியிலிருந்து தொடங்கியது.
மோட்டர் சுற்றியது. மறந்தது. தொடங்கியது.
ஒன்பது நாள் இப்படி.

நான் நிரலைத் திட்டினேன்.
அகல்விழி மோட்டரைத் திட்டினாள்.
சிப் அனுப்பிய கொழும்புக் கடைக்காரனை
இருவரும் சேர்ந்து திட்டினோம்.

பத்தாம் நாள் பின்னேரம்
பக்கத்து வளவில் தண்ணிப் பம்ப் போட்டார்கள்.
எங்கள் மேசை விளக்கு
ஒருமுறை குனிந்து நிமிர்ந்தது.
அவ்வளவுதான்.

தலைமடை வயல் வாய் திறந்தால்
கடைமடை காயும்.
வாய்க்காலைத் திட்டி ஆவதென்ன?
இந்த மண்ணில் அதற்கு என்ன செய்திருக்கிறார்கள்?
குளம் கட்டியிருக்கிறார்கள்.

மூளையின் காலடியில்
உளுந்தளவு ஒரு குளம்.
பள்ளிப் புத்தகத்தில் அதன் பெயர் கொள்ளளவி.
சோதனைக்குப் பாடமாக்கிய சொல்.
இவ்வளவு தண்ணீர் அதற்குள் நின்றது
எனக்குத் தெரியாது.
விலை பதினெட்டு ரூபா.

கோழியை மூன்று ரூபாவால் தாண்டினோம்.
பச்சை விளக்கைக் கழற்றுவோம் என்றேன்.
உயிர் இருக்கோ இல்லையோ என்று
பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்றாள்.
ஒருநாள் முழுக்க என்னோடு கதைக்கவில்லை.
பிறகு அவளே
வயர் இறுக்கும் திருகாணிகளை நீக்கினாள்:
முறுக்கிச் செருகட்டும், விரல் இருக்குத்தானே.

சீனாவிலிருந்து ஐந்து பலகை வந்தது,
மழமழவென்று, மணி மூலைகளோடு.
ஓரத்தில் ஊர்ப்பெயர் போட்டிருந்தோம்.
எழுத்துச் சிறுத்ததில் புள்ளி அச்சில் விழவில்லை.
மலலாவி.

சனிக்கிழமை வகுப்பில்
ஆறாம் தரத்து யாழ்நிலா
அதை உரத்து வாசித்து, முகம் சுளித்து,
பிழை அழிக்கும் வெள்ளைப் பேனாவைக் கேட்டு வாங்கி
முதல் ல-வின் தலையில் ஒரு புள்ளி வைத்தாள்.
காயும்வரை ஊதினாள்.
பிறகு பற்றரியை மாட்டினாள்,
பிழையாக.

பலகை எரியவில்லை.
பச்சை விளக்கும் எரியவில்லை.
பிஸ்கற் பெட்டியைத் திருப்பிப் பார்க்கிறாள்.